மில்லிலிட்டரைக் கப் அளவாக மாற்றுவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

செய்முறையில் 375 மி.லி. பால் என்று எழுதியிருக்கிறது. அடுப்படியில் இருப்பதோ கப்பும் கரண்டியும்தான். உடனே ஓர் அட்டவணையைத் தேடிப்பிடித்து, அதில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு அளப்பவர்களே அதிகம். அந்த அட்டவணை 236.6 மி.லி. கொள்ளும் அமெரிக்கக் கப்புக்குப் போடப்பட்டதாக இருந்தால், அது 1.585 கப் என்று சொல்லும். அதை வைத்துக்கொண்டு 250 மி.லி. கப்பால் அளந்தால் பாத்திரத்தில் விழுவது 396 மி.லி. ஒரு மேசைக்கரண்டிக்கும் மேலே பால் கூடிவிடுகிறது. கணக்கில் தவறு இல்லை. கணக்குப் போட்ட கப் வேறு, ஊற்றிய கப் வேறு.

ஆகவே இந்த வழிகாட்டியில் வகுத்தல் கணக்கு ஐந்தாவது படியாகத்தான் வருகிறது. முதல் நான்கு படிகளை முடிக்காமல் அதற்குத் தாவ வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

கப் தொகுப்பு ஒன்று வேண்டும்: முழுக் கப், அரை, மூன்றில் ஒன்று, கால். மேசைக்கரண்டி, தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி ஆகியவை அடங்கிய அளவுக்கரண்டித் தொகுப்பும் வேண்டும். சாப்பிடும் கரண்டிகள் இதற்கு உதவா. அவற்றின் குழிவு வீட்டுக்கு வீடு மாறும்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் அடுத்த படி மிக எளிதாகும். தராசு இல்லாதவர்கள் மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்றை வாங்கி, அதைச் சமையலறைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளலாம். அதோடு ஒரு பேனாவும், கப்பின் அடியில் ஒட்டுவதற்குச் சிறு துண்டுக் காகித நாடாவும் போதும்.

2. உங்கள் கப் எத்தனை மி.லி. என்று அளந்து பாருங்கள்

‘ஒரு கப்’ என்பது உலகம் முழுவதும் ஒரே அளவு அல்ல. அமெரிக்காவின் வழக்கமான கப் 236.6 மி.லி.; அதே நாட்டில் உணவுப் பொட்டலங்களின் ஊட்டச்சத்துக் குறிப்புக்குப் பயன்படும் கப் 240 மி.லி. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கப் என்றால் 250 மி.லி. ஜப்பானியச் சமையல் கப் 200 மி.லி. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி. கொள்வது, அதை முழுக் கப்பாக நினைத்து அளப்பது புதியவர்களிடம் மிக அதிகமாகக் காணும் தவறு. நம் கடைகளில் விற்கும் தொகுப்புகளில் 240 மி.லி. கப்பும் உண்டு, 250 மி.லி. கப்பும் உண்டு. கண்ணால் பார்த்து வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது.

அளக்கும் முறை இது. காலிக் கப்பைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்குங்கள். பிறகு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். கடைசிச் சில துளிகளில் நிதானம் வேண்டும்: தண்ணீர் விளிம்பைத் தொட்ட பிறகும் வழியாமல் மேல்நோக்கிக் குவிந்து நிற்கும், அந்தக் குவிவு வரும் வரை ஊற்றினால் சில மி.லி. கூடுதலாகக் காட்டும். பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது நீர்ப்பரப்பு விளிம்போடு சமமாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மி.லி. என்று சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெப்பத்தில் 250 மி.லி. தண்ணீர் 249 கிராம் அளவுக்குக் காட்டும். அந்த ஒரு கிராமைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

தராசு இல்லையென்றால், திறக்காத ஒரு லிட்டர் குடிநீர் பாட்டிலைக் கொண்டு தோராயமாகச் சோதிக்கலாம். நான்கு கப்பில் பாட்டில் காலியானால் கப் 250 மி.லி.; நான்கு கப் நிரம்பிய பின் இரண்டு மேசைக்கரண்டியும் கொஞ்சமும் மிஞ்சினால் 240 மி.லி.; சரியாக ஐந்து கப் வந்தால் 200 மி.லி. பாட்டிலில் அடைத்த அளவிலேயே சிறு ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடும் என்பதால், ஐயம் இருந்தால் சிரிஞ்சால் ஒரு முறை நிரப்பிப் பார்த்துவிடுங்கள்.

முழுக் கப்போடு நிறுத்தக் கூடாது. தொகுப்பில் உள்ள கால் கப் உண்மையிலேயே முழுக் கப்பின் நான்கில் ஒன்றுதானா என்று பாருங்கள். 250 மி.லி. முழுக் கப்போடு 60 மி.லி. கால் கப்பை வைத்து விற்பதும் உண்டு. கணக்குப்படி அது 62.5 மி.லி. இருக்க வேண்டும். கரண்டிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டால் தராசு தடுமாறும். பத்துக் கரண்டித் தண்ணீரை ஒரே கிண்ணத்தில் ஊற்றி எடைபோட்டுப் பத்தால் வகுத்தால் சரியான எண் கிடைக்கும்.

கண்டறிந்த எண்களைக் காகித நாடாவில் எழுதி, ஒவ்வொரு கப்பின் அடியிலும் ஒட்டிவிடுங்கள். இந்தப் படி வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும்.

3. செய்முறையில் உள்ள அளவு கன அளவுதானா என்று உறுதிசெய்யுங்கள்

மி.லி. என்பது இடத்தை அளக்கிறது. கிராம் என்பது எடையை அளக்கிறது. தண்ணீருக்கு இரண்டும் ஒரே எண்ணாக வருவதால் எல்லாத் திரவத்துக்கும் அப்படித்தான் என்ற எண்ணம் பலருக்கும் படிந்துவிடுகிறது. பாலுக்கு இந்த எண்ணம் பெரிய தீங்கு செய்வதில்லை, ஏனெனில் ஒரு மி.லி. பாலின் எடை 1.03 கிராம்தான். எண்ணெயில் தவறு தெரியத் தொடங்கும்: ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். தேனில் கணக்கே கவிழ்ந்துவிடும்: 100 மி.லி. தேன் ஏறத்தாழ 142 கிராம் எடை கொண்டது.

இனிப்பூட்டிய கெட்டிப்பால் டின்னைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். டின்னின் மேல் 400 கிராம் என்று அச்சிட்டிருக்கும். அதை 400 மி.லி. என்று கொண்டு, 250 மி.லி. கப்பில் ஒன்றரைக் கப்புக்கு மேல் வரும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பால் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு கனமானது. முழு டின்னையும் வழித்து ஊற்றினாலும் ஏறத்தாழ 300 மி.லி.தான் இருக்கும். எனவே கிராமில் உள்ளதைத் தராசிலேயே அளந்துவிடுங்கள். கப்புக்கு மாற்றவே வேண்டாம்.

வேறு அலகுகள் இருந்தால் அவற்றை முதலில் மி.லி.க்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சுவிட்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளில் வாழும் நம்மவர்கள் அங்குள்ள செய்முறைகளில் டெசிலிட்டரைக் காண்பார்கள். ஒரு டெசிலிட்டர் 100 மி.லி. பிரெஞ்சுச் செய்முறைகளில் வரும் சென்டிலிட்டர் 10 மி.லி. பழைய பிரித்தானியச் சமையல் நூலில் ஒரு பைன்ட் என்றால் 568 மி.லி.; அமெரிக்க நூலில் அதே சொல் 473 மி.லி.யைக் குறிக்கும்.

4. செய்முறை கப்பையும் மி.லி.யையும் கலந்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செய்முறை முழுவதும் மி.லி.யில் இருந்தால், எழுதியவரின் கப் எதுவாக இருந்தாலும் நமக்குக் கவலை இல்லை. நம் கப்பின் அளவு தெரிந்தால் போதும். செய்முறை முழுவதும் கப்பில் இருந்தால், ஒரே கப்பால் எல்லாவற்றையும் அளக்கும்வரை விகிதம் மாறாது. ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் என்ற கொழுக்கட்டைக் கணக்கு எந்த டம்ளரிலும் நிற்பது இதனால்தான்.

சிக்கல் இரண்டும் கலந்திருக்கும்போது வருகிறது. ஆஸ்திரேலியச் செய்முறை ஒன்றில் 2 கப் மாவு, 375 மி.லி. பால் என்று இருப்பதாகக் கொள்வோம். உங்கள் கப் 240 மி.லி. கொள்வது. பாலைச் சரியாக மாற்றி ஊற்றிவிட்டு, மாவை மட்டும் உங்கள் கப்பால் இரண்டு முறை அள்ளினால், 500 மி.லி. இடத்துக்கு 480 மி.லி. மாவுதான் விழுகிறது. மாவுக் கலவை நீர்த்துப்போகும். பழி பால் கணக்கின் மேல் விழும். இத்தகைய செய்முறையில் எழுதியவரின் கப்பை முதலில் மி.லி. ஆக்கி, பிறகு உங்கள் கப்புக்குக் கொண்டுவர வேண்டும். மேற்சொன்ன மாவுக்கு 2 கப்போடு இன்னும் ஒரு மேசைக்கரண்டியும் ஒரு தேக்கரண்டியும் சேர்ப்பது சரி.

முட்டை, ஈஸ்ட் பொட்டலம், கடற்பாசிப் பொட்டலம் போல எண்ணிக்கையாகச் சேரும் பொருள் இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். கப் சிறியதானால் பால் குறையும்; முட்டை குறையாது.

கரண்டியிலும் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான நாடுகளில் மேசைக்கரண்டி 15 மி.லி.; ஆஸ்திரேலியாவில் மட்டும் அது 20 மி.லி. கொள்ளும். தேக்கரண்டி எல்லா இடத்திலும் 5 மி.லி. என்றே கொள்ளலாம். ஆஸ்திரேலியச் செய்முறையில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் நம் கரண்டியில் நான்கு.

5. கணக்கு: முழுக் கப், பின்னம், மிச்சம்

இப்போது வகுக்கலாம். மி.லி. அளவை உங்கள் கப்பின் அளவால் வகுத்துத் தசமத்தில் விடை எடுப்பதில் பயன் இல்லை, 1.56 கப்பை எந்தக் கப்பாலும் அளக்க முடியாது. அதற்குப் பதிலாக மூன்று நிலைகளில் கழித்துக்கொண்டே போங்கள்.

முதலில், எத்தனை முழுக் கப் அடங்கும் என்று பார்த்துக் கழியுங்கள். அடுத்து, மீதியில் அடங்கக்கூடிய பெரிய பின்னத்தைக் கழியுங்கள். கடைசியில் மிஞ்சுவதை 15ஆல் வகுத்து மேசைக்கரண்டியாகவும், அதற்கும் மிஞ்சுவதை 5ஆல் வகுத்துத் தேக்கரண்டியாகவும் எடுங்கள்.

375 மி.லி. பாலையே எடுத்துக்கொள்வோம். 240 மி.லி. கப்பில் ஒரு முழுக் கப் போக 135 மி.லி. மீதி. அதில் அரைக் கப்பான 120 அடங்குகிறது. மிச்சம் 15; அது ஒரு மேசைக்கரண்டி. ஆகவே விடை ஒன்றரைக் கப்பும் ஒரு மேசைக்கரண்டியும். 250 மி.லி. கப் உள்ளவருக்கு அதே பால் சரியாக ஒன்றரைக் கப். ரைஸ் குக்கர் கப் மட்டுமே உள்ளவருக்கு இரண்டு கப்பும் ஒரு மேசைக்கரண்டியும். மூன்று வீட்டில் மூன்று விடை. பாத்திரத்தில் விழும் பால் ஒன்றுதான்.

இரண்டாவது எடுத்துக்காட்டு 400 மி.லி. தேங்காய்ப்பால் டின். 240 மி.லி. கப்பில் அது ஒன்றேமூன்றில் இரண்டு கப், கரண்டியே தேவையில்லை. 250 மி.லி. கப்பில் ஒன்றரைக் கப் போக 25 மி.லி. மிஞ்சும்: ஒரு மேசைக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி.

எந்தப் பின்னத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கொஞ்சம் யோசனை தேவை. 175 மி.லி.யை 240 கப்பில் அரைக் கப்பாகத் தொடங்கினால் 55 மி.லி. மிஞ்சி, மூன்று மேசைக்கரண்டியும் இரண்டு தேக்கரண்டியும் எண்ண வேண்டிவரும். மூன்றில் இரண்டு கப்பாக, அதாவது 160 மி.லி.யாகத் தொடங்கினால் ஒரே மேசைக்கரண்டியில் முடிகிறது. கரண்டி எண்ணிக்கை கூடக்கூட எண்ணுவதில் தவறும் வாய்ப்பும் கூடும் என்பதால், குறைந்த ஊற்றலில் முடியும் வழியையே தேர்ந்தெடுங்கள்.

6. அடிக்கடி வரும் அளவுகள்

கீழே முதலில் 240 மி.லி. கப்புக்கான அளவும், அடுத்து 250 மி.லி. கப்புக்கான அளவும் உள்ளன. மேசைக்கரண்டி 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி.

50 மி.லி.: இரண்டு வகைக் கப்புக்கும் 3 மேசைக்கரண்டி, 1 தேக்கரண்டி.
100 மி.லி.: ⅓ கப், 1 மேசைக்கரண்டி, 1 தேக்கரண்டி, அல்லது ¼ கப், 2½ மேசைக்கரண்டி.
150 மி.லி.: ½ கப், 2 மேசைக்கரண்டி, அல்லது ½ கப், 1 மேசைக்கரண்டி, 2 தேக்கரண்டி.
200 மி.லி.: ¾ கப், 1 மேசைக்கரண்டி, 1 தேக்கரண்டி, அல்லது ¾ கப், 2½ தேக்கரண்டி.
250 மி.லி.: 1 கப், 2 தேக்கரண்டி, அல்லது 1 கப்.
300 மி.லி.: 1¼ கப், அல்லது 1 கப், 3 மேசைக்கரண்டி, 1 தேக்கரண்டி.
350 மி.லி.: 1⅓ கப், 2 மேசைக்கரண்டி; அல்லது 1¼ கப், 2½ மேசைக்கரண்டி.
500 மி.லி.: 2 கப், 1 மேசைக்கரண்டி, 1 தேக்கரண்டி, அல்லது 2 கப்.
600 மி.லி.: 2½ கப், அல்லது 2¼ கப், 2½ மேசைக்கரண்டி.
750 மி.லி.: 3 கப், 2 மேசைக்கரண்டி, அல்லது 3 கப்.
1 லிட்டர்: 4 கப், 2 மேசைக்கரண்டி, 2 தேக்கரண்டி, அல்லது 4 கப்.

அரை மேசைக்கரண்டி என்பது ஒன்றரைத் தேக்கரண்டி. உங்கள் கப் இந்த இரண்டிலும் சேராவிட்டால், ஐந்தாம் படியின்படி உங்களுக்கென ஒரு பட்டியல் போட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். சில்வர் டம்ளரைக் கப்பாக வைத்துக்கொள்பவர்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் டம்ளரில் அரை, கால் என்று கண்ணால் மதிப்பிட வேண்டாம். பல டம்ளர்கள் மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருப்பதால், பாதி உயரம் பாதி அளவாக இருக்காது. முழு டம்ளரும் கரண்டியும் மட்டும் கொண்டு கணக்கை முடியுங்கள்.

7. எங்கே முழுமைப்படுத்தலாம், எங்கே கூடாது

ரசம், சாம்பார், குருமா, பாயசம் ஆகியவற்றில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூடினாலும் குறைந்தாலும் கொதிக்கும் நேரத்தில் சரிசெய்துகொள்ளலாம். அங்கே ஒரு லிட்டருக்கு நான்கு கப் என்று கொள்வதில் தவறில்லை.

இறுகி நிற்க வேண்டியவற்றில் அந்தச் சலுகை கிடையாது. வட்டிலப்பம், கஸ்டர்டு புட்டிங், கடற்பாசி ஆகியவற்றில் முட்டையோ கடற்பாசியோ ஒரு குறிப்பிட்ட அளவு திரவத்தைத்தான் பிடித்து நிறுத்தும். ரொட்டி மாவிலும் அப்படியே: 500 கிராம் மாவுக்கு 300 மி.லி. தண்ணீர் என்ற இடத்தில் இரண்டு மேசைக்கரண்டி கூடினால், பிசையும் கையில் மாவு ஒட்டிக்கொண்டு வரும். பிறகு மாவைத் தூவித் தூவிச் சரிக்கட்டும்போது உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றின் விகிதமும் குலைகிறது.

முழுமைப்படுத்துவதாக இருந்தால், பெருக்கிய பிறகு செய்யுங்கள். 175 மி.லி.யை முக்கால் கப், அதாவது 180 மி.லி. என்று கொண்டுவிட்டு, பிறகு விருந்துக்காக நான்கு மடங்காக்கினால் 700 மி.லி.க்குப் பதில் 720 மி.லி. வந்துவிடும். முதலில் 175ஐ நான்கால் பெருக்கி 700 ஆக்கிக்கொண்டு, அதன் பிறகு கப்புக்கு மாற்றினால் அந்த 20 மி.லி. பிழை பிறக்கவே பிறக்காது. பாதி அளவு செய்யும்போதும் மி.லி.யைத்தான் முதலில் பாதியாக்க வேண்டும்.

8. ஊற்றி அளக்கும் முறை

சரியான கணக்கும் தவறான ஊற்றலால் வீணாகும். கோடு போட்ட அளவுக் குவளையைக் கையில் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது இயல்பான பழக்கம். கை சற்றே சாயும்போது திரவமும் சாய்ந்து ஒரு பக்கம் கோட்டைத் தாண்டி நிற்கும். குவளையைச் சமமான மேடையில் வைத்து, நீங்கள் குனிந்து கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலிருந்து பார்த்தால், நிரம்பாத குவளையும் நிரம்பியதுபோல் தெரியும். கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் சற்று மேலேறி, நடுவில் தாழ்ந்து நிற்கும். தாழ்ந்த நடுப்பரப்புக் கோட்டைத் தொட வேண்டும்.

விளிம்பு வரை நிரப்பும் கப்பைக் கலவைக் கிண்ணத்தின் மேல் பிடித்துக்கொண்டு நிரப்பாதீர்கள். வழிவது கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டால் எவ்வளவு விழுந்தது என்று அறிய வழியில்லை. பக்கத்தில் ஒரு தட்டின் மேல் வைத்து நிரப்பி, பிறகு எடுத்து ஊற்றுங்கள். கரண்டிக்கும் இதே விதிதான், குறிப்பாக வெனிலா எசன்ஸ் போன்றவற்றுக்கு.

ஆற்றிய பாலிலும் கடைந்த மோரிலும் நுரை நிற்கும். நுரையோடு அளந்தால் பால் குறைவாகத்தான் சேரும். நுரை அடங்கும் வரை காத்திருங்கள்.

தேன், வெல்லப்பாகு, கெட்டித் தேங்காய்ப்பால் ஆகியவை கப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அதே செய்முறையில் எண்ணெயும் இருந்தால் எண்ணெயை முதலில் அளந்து, கழுவாத அதே கப்பில் தேனை அளந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எண்ணெய் இல்லாத செய்முறையில் ரப்பர் கரண்டியால் வழித்தெடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தேங்காய்ப்பால் டின்னில் கெட்டிப்பகுதி மேலே திரண்டும் நீர் அடியிலும் நிற்கும். முழு டின்னையும் ஒரு பாத்திரத்தில் கொட்டி, கட்டியில்லாமல் கலக்கிய பிறகே கப்பில் அளக்க வேண்டும். கெட்டித் தயிரைக் கப்பில் இடும்போது நடுவில் காற்றுக் குழிகள் நிற்கும். கப்பை மேடையில் இரண்டு முறை தட்டி, மேலே சமமாக வழித்துவிடுங்கள்.

9. மாற்றிய அளவைக் குறித்துவைப்பது

செய்முறைக் குறிப்பேட்டில் கப் அளவை மட்டும் எழுதிவைப்பவர்கள், கப் உடைந்து புதிய தொகுப்பு வாங்கும் நாளில் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். மி.லி. அளவை முதலில் எழுதி, அதன் பக்கத்தில் கப் அளவையும், எந்தக் கப் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: ‘தேங்காய்ப்பால் 400 மி.லி.; 240 கப்பில் 1⅔’. செய்முறையை உறவினருக்கோ தோழிக்கோ அனுப்பும்போதும் இப்படியே அனுப்புங்கள். அவர்கள் வீட்டுக் கப் வேறாக இருந்தாலும், மி.லி. எண்ணைப் பார்த்து ஐந்தாம் படியிலிருந்து தொடங்கிவிடுவார்கள்.